அளிந்த பழமும் ஆமிஷ் கேக்கும்

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்குப் புறப்பட்டுப் பழைய சீவரத்து மலைக்கு எழுந்தருளி, பிறகு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு வருகிறார். சுற்றூர்ப் பெருமாள்களும் அங்கே வந்து கூடுகிறார்கள். பாலாறும் வேகவதியும் செய்யாறும் கலக்கும் இடம் என்பதால் ஊருக்கு முக்கூடல் என்று பெயர். ஆறுகளில் நீரைக் காண்பது அரிதாகிவிட்டபோதும் பெருமாள்கள் தவறாமல் கூடுகிறார்கள். அன்றைய தினம் அவ்வூரில் தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் கணக்கே இல்லை. அர்ச்சனைத் தட்டில் இரண்டு, உறவினர் கொடுத்தது நான்கு, கடைக்காரர் 'சாமி பழம், எடுத்துக்கிட்டுப் போங்க' என்று பையில் திணித்தது ஒரு சீப்பு. இப்படியாகச் சென்ற தைமாதம் நம் வீட்டுக் கூடையில் இருபத்து மூன்று பூவன் பழங்கள் சேர்ந்துவிட்டன. நான்காம் நாள் அவற்றின் தோல் கறுத்தது. ஐந்தாம் நாள் கூடத்தில் நுழைந்தவுடன் மணம் வரவேற்றது. பிரசாதம் ஆகையால் குப்பையில் போட மனம் வரவில்லை. உண்ணவும் எவரும் முன்வரவில்லை.

இந்த இக்கட்டில்தான் நம் பழைய மாணவி ஒருத்தி அனுப்பியிருந்த சமையற்குறிப்பு நினைவுக்கு வந்தது. தமிழ் முதுகலை படித்துவிட்டுக் கணவரோடு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்குச் சென்றவள். அங்கே ஒரு சந்தையில் வாங்கியுண்டு மயங்கிய 'ஆமிஷ் பாணி வீட்டு வாழைப்பழக் கேக்' செய்முறையைப் பெரும் பரிவோடு நமக்கு எழுதியனுப்பியிருந்தாள். பழம் எவ்வளவு கறுத்திருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பதே அதன் முதல் வரி.

அந்தக் கேக்கைச் செய்தோம். செய்ததை இலக்கிய நண்பர்களின் கூடுகைக்கு எடுத்துச் சென்றோம். அங்கே எழுந்த வாதமே இக்கட்டுரைக்குக் காரணம்.

மூத்த நண்பர் ஒருவர், புலவர் பட்டம் பெற்றவர், ஒரு துண்டை வாயிலிட்டதும் சொன்னார்: "இது நம்ம அப்பம்தானய்யா. வெள்ளைக்காரன் பேரை மாத்தி நமக்கே விக்கிறான்." இளைய நண்பர் ஒருவர் மறுத்தார். ஆமிஷ் மக்களின் எளிய வாழ்வு பற்றியும், மின்சாரமில்லாத வீடுகள் பற்றியும், குதிரை வண்டி பற்றியும் அவர் உணர்ச்சியுடன் பேசினார். நாமும் அப்படி வாழ வேண்டும் என்று முடித்தார். (அவர் கைப்பேசியைப் பார்த்துத்தான் இவ்வளவும் சொன்னார் என்பதைக் குறிப்பிடாமல் விட மனமில்லை.) இருவர் கூற்றிலும் பாதி உண்மை உண்டு. இருவருமே சொல்லாமல் விட்ட ஒன்றும் உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் ஆமிஷ் என்ற அடைமொழி. 1693இல் யாக்கோபு அம்மான் என்பவர் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளின் மறுஞானஸ்நானக் கிறித்தவர்களிடையே கடும் ஒழுக்க நெறியை வற்புறுத்திப் பிரிந்தபோது தோன்றிய கூட்டம் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறத் தொடங்கினார்கள். இன்று வட அமெரிக்காவில் அவர்கள் சுமார் 4 லட்சம் பேர். மின்கம்பியை வீட்டுக்குள் விடாமை, மோட்டார் வாகனத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ளாமை, ஒரே மாதிரி உடை என்று அவர்களுடைய கட்டுப்பாடுகள் ஒவ்வொரு சபைக்கும் சற்றே வேறுபடும். இத்தகையவர்களின் பெயரைக் கேக்கின் மேல் ஒட்டினால் 'கலப்படமற்றது, கையால் செய்தது, பாட்டி காலத்தது' என்று மூன்று பொருளும் ஒருசேரக் கிடைத்துவிடுகின்றன. நம்மூரில் 'செட்டிநாடு' என்ற சொல்லுக்கு நேர்ந்ததை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆனால் பென்சில்வேனியாவில் வாழை விளைவதில்லை. பனிபெய்யும் அந்த நாட்டுக்கு வாழைப்பழம் நடு அமெரிக்கத் தோட்டங்களிலிருந்து கப்பலிலும் ரயிலிலும் வந்தது. அத்தோட்டங்களின் கதை இனிப்பானதன்று. 1928இல் கொலம்பியாவின் சியேனாகாவில் வேலைநிறுத்தம் செய்த வாழைத்தோட்டத் தொழிலாளர்களைப் படையினர் சுட்டுக் கொன்றதைக் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பெரும் பொருளாதார வீழ்ச்சி நேர்ந்த 1930களில்தான் வாழைப்பழ ரொட்டி அமெரிக்கச் சமையல் நூல்களில் பரவலாக இடம்பெறுகிறது. பழத்தை எறியக் கட்டுப்படியாகாத காலம் அது. சோடா உப்பும் பேக்கிங் பவுடரும் எல்லா அடுப்படிகளுக்கும் வந்து சேர்ந்துவிட்ட காலமும் அதுவே. ஆகவே இக்கேக்கின் பிறப்பிடம் சமயநெறி அன்று, பற்றாக்குறை.

'ஆமிஷ் நட்பு ரொட்டி' என்று இன்னொன்று உண்டு. மாவு, சர்க்கரை, பால் ஆகிய மூன்றையும் கலந்து புளிக்கவிட்டு, பத்து நாள் கிளறியும் ஊட்டியும் வளர்த்து, ஒரு பங்கில் தாம் ரொட்டி சுட்டுக்கொண்டு, மற்ற பங்குகளை மூன்று நண்பர்களுக்குக் கொடுக்க வேண்டும். அவர்கள் ஒவ்வொருவரும் இன்னும் மூவருக்கு. நான்காம் சுற்றில் எண்பத்தொருவர் வீட்டில் மாவு பொங்கிக்கொண்டிருக்கும். 'இதை இருபத்தொரு பேருக்கு எழுதாவிட்டால் தீங்கு வரும்' என்று நம் சிறுவயதில் தபாலட்டை வருமே, அதன் உண்ணத்தக்க வடிவம் என்று கொள்ளலாம். அந்த மாவில் கடையில் விற்கும் உடனடிப் புட்டிங் பொடியும் சேர்க்கச் சொல்கிறார்கள். அது எந்த ஆமிஷ் முன்னோரின் பரணிலிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. இருந்தாலும் இந்த வழக்கத்தின் சாரம் நமக்கு அந்நியமன்று. உறைமோர் இல்லாத நாளில் அடுத்த வீட்டுக்குக் கிண்ணத்தோடு ஓடியவர்கள்தாம் நாம். விளக்கு வைத்த பிறகு உறை கொடுக்கக் கூடாது என்ற நம்பிக்கை இருந்ததால் ஐந்தரை மணிக்குள் ஓட வேண்டும். ஒரே தெருவின் எல்லா வீட்டுத் தயிரும் ஒரே வம்சத்தைச் சேர்ந்ததாக இருந்தது.

இனிப் புலவர் நண்பரின் வாதம். 'நம்மிடம் எல்லாம் இருந்தது' என்பது தமிழ்த்துறைகளின் பொதுநோய்; நமக்கும் அதன் கூறு உண்டு. ஆனாலும் இவ்விடயத்தில் அவர் சொன்னது வெறும் வீம்பு இல்லை. கார்த்திகைக்கு வீடுதோறும் சுடும் நெய்யப்பத்தில் அரிசிமாவோடும் வெல்லத்தோடும் குழைந்த வாழைப்பழம் ஒன்றைப் பிசைவது மென்மைக்காகவே. மலபார் முஸ்லிம் வீடுகளின் காய்ப்போளை இன்னும் ஒரு படி மேல். நேந்திரம்பழத்தை நெய்யில் வதக்கி, முட்டையும் சர்க்கரையும் ஏலமும் சேர்த்து, பாத்திரத்தின் கீழும் மூடியின் மேலும் தணல் வைத்து வேகவிடுவார்கள். மேலும் கீழும் நெருப்பு என்பதே கேக் அடுப்பின் தத்துவமாகும். பழனிப் பஞ்சாமிர்தமோ அடுப்பைக்கூடக் கேட்பதில்லை. விருப்பாச்சி மலைவாழைப்பழமும் வெல்லச் சர்க்கரையும் பேரீச்சையும் கற்கண்டும் நெய்யும் தேனும் ஏலமும் சேர, ஒரு சொட்டு நீரும் இல்லாமல் நாள்பட நிற்கிறது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்தியக் கேக்கின் கதையிலேயே வாழைப்பழம் இருக்கிறது. தலைச்சேரியில் பிஸ்கட் தொழில் செய்துவந்த மம்பள்ளி பாப்புவிடம், இலவங்கப்பட்டைத் தோட்டக்காரரான மர்டாக் பிரவுன் என்ற ஆங்கிலேயர் 1883இல் தாம் கொண்டுவந்த கிறிஸ்துமஸ் கேக்கைக் காட்டி அதைப் போலவே செய்யச் சொன்னார். அதில் பிராந்தி சேர்க்க வேண்டும் என்பது பிரவுனின் யோசனை. பாப்புவோ முந்திரிப் பழமும் கதலிப் பழமும் புளிக்கவைத்த உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்தார் என்று அங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். உண்டு பார்த்த துரை மகிழ்ந்து மேலும் ஒரு டஜன் கேட்டாராம். கேக் நமக்கு அந்நியம் என்போர் தலைச்சேரி வரை போய்வரட்டும். போக முடியாதவர்கள் காஞ்சி வரதர் கோயில் இட்டிலியையாவது நினைத்துக்கொள்ளட்டும். மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் கலந்த மாவை மணிக்கணக்காக ஆவியில் வேகவைத்து, வெட்டித் துண்டு போடும் பண்டத்தை வேறு என்னவென்று அழைப்பது?

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் தமிழாசிரியன் என்ற பெயர் நமக்கு எதற்கு? பழம் அளவுமீறிப் பழுத்துவிட்டது என்பதை ஆங்கிலம் ஒரு குற்றச்சாட்டுப் போலச் சொல்கிறது. தமிழில் அதற்கு 'அளிதல்' என்று ஒரு வினை உண்டு. அளிந்த பழம் என்றால் கனிந்து குழைந்த பழம். அதே 'அளி' அன்பையும் அருளையும் குறிக்கும். கனிவு என்ற சொல்லும் அவ்வாறே பழத்துக்கும் நெஞ்சுக்கும் பொது. கெட்டுப்போனதற்கு 'அழுகல்' என்று தனிச்சொல் இருக்கிறது. அளிந்ததற்கும் அழுகியதற்கும் இடையே உள்ள இரண்டு நாள்தான் சமையற்காரரின் காலம். பூசணம் பூத்ததோ நீர் வடிவதோ புளித்த நெடி அடிப்பதோ அழுகல். அதை எருக்குழிக்கு அனுப்ப வேண்டியதுதான். தோல் முழுக்கக் கறுத்தும் உள்ளே சதை வெளிர்மஞ்சளாக, தேன்போல் கசிந்து இருந்தால் அளிந்தது. காயாக இருக்கையில் அதில் நிறைந்திருந்த மாச்சத்து ஏறக்குறைய முழுவதும் சர்க்கரையாக மாறியிருக்கும் நிலை அது.

பழையதாவது எல்லாம் கெடுவதன்று என்பதற்குத் திருமுக்கூடலிலேயே கல்லில் சாட்சி இருக்கிறது. அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் பதினோராம் நூற்றாண்டுச் சோழ மன்னன் வீரராசேந்திரனின் நெடிய கல்வெட்டு, வேதமும் இலக்கணமும் பயின்ற மாணவர்களுக்கான ஏற்பாடுகளையும் 'வீரசோழன்' என்ற பதினைந்து படுக்கை ஆதுலர் சாலையையும் விவரிக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஊதியம் குறித்திருக்கிறார்கள். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில், பசுநெய்யைப் பழையதாக்கிச் செய்யும் 'புராண ஸர்ப்பி'யும் ஒன்று. எதைப் புதிதாக உண்பது, எதை நாள்படப் பழுக்கவிடுவது என்று கணக்கிட்டு ஒரு நிருவாகம் இயங்கியிருக்கிறது.

கணக்கு என்றோம். புலவரும் இளைஞரும் சொல்லாமல் விட்டது அதுதான்.

நம் தாயார் நெசவாளர் வீட்டுப் பெண். விடியலில் அடுப்படி, பகலெல்லாம் தார் சுற்றுதல். (வாழைக்குலையும் தார், நாடாவுக்குள் இடும் ஊடைநூல் சுற்றிய குச்சியும் தார். காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு இரண்டாவதே முதலில் தெரியும்.) அப்பா தறியில், நாங்கள் மூன்று பிள்ளைகள் பள்ளியில். அந்நாளில் வாழைப்பழம் என்பது திருவிழாவுக்கும் காய்ச்சலுக்கும் வருவது. ஒரு சீப்பு வந்தால் மஞ்சள் மாறாதவை பிள்ளைகளுக்கு, புள்ளி விழுந்தவை அப்பாவுக்கு, கறுத்தவை அம்மாவுக்கு. "எனக்கு அளிஞ்சாத்தான்டா புடிக்கும்" என்பார். அதிலும் மிஞ்சினால் அரிசிமாவில் பிசைந்து அப்பம் சுட்டு எங்களுக்கே கொடுத்துவிடுவார். நாற்பது ஆண்டுகளாக இதை நாம் ஐயமின்றி நம்பினோம். கல்லூரிக் கருத்தரங்கு ஒன்றில் தமிழர் சிக்கனம் பற்றிப் பேசியபோது அம்மாவின் கறுத்த பழத்தை உதாரணம் காட்டிக் கைதட்டும் பெற்றோம்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மாலை. நம் துணைவியார் வாங்கிவந்த ரஸ்தாளிச் சீப்பு மேசைமேல் இருந்தது. அன்றுதான் மஞ்சளேறிய, காம்பில் இன்னும் பச்சை ஒட்டிய பழங்கள். அம்மா வந்து அமர்ந்து ஒன்றை உரித்தார். பிறகு ஒன்று. பிறகு இன்னொன்று. நாம் வியந்து, "உனக்கு அளிஞ்சதுதானேம்மா புடிக்கும்?" என்றோம்.

"யார் சொன்னா?"

"நீதான் சொல்லுவே."

"அப்பிடிச் சொன்னாத்தான் நீங்க நல்லத எடுத்துப்பீங்கன்னு சொன்னேன்" என்றவர், தோலை மடித்து வைத்துவிட்டு, "இந்த மாதிரித் தின்னு எத்தினி வருசமாச்சு" என்றார். குரலில் குறையோ கோபமோ இல்லை. அதுவே நம்மைத் தைத்தது. கருத்தரங்கில் கிடைத்த கைதட்டை அன்றிரவு பலமுறை நினைத்துக்கொண்டோம்.

ஆகவே 'பாட்டி காலத்து அப்பம்' என்று நெகிழ்வோரையும் 'ஆமிஷ் எளிமை' என்று உருகுவோரையும் நாம் ஒரே வரிசையில்தான் வைக்கிறோம். சிக்கனம் ஒரு வீட்டின் அறமாகப் போற்றப்படுகையில், அதைக் கைக்கொண்டது யார், அனுபவித்தது யார் என்று கேட்க வேண்டும். ஆமிஷ் வீடுகளிலும் அடுப்படி பெண்ணுடையதே. மின் அரவை இயந்திரத்தை வீட்டுக்குள் விடுவதில்லை என்று சபை உறுதி செய்தால், அந்த உறுதி ஒரு பெண்ணின் தோள்பட்டையில் போய் நிற்கும். நம் அப்பத்தின் பின்னால் புகையடுப்பும் உரலும் இருந்தன. 2020 ஊரடங்கில் உலகமே வாழைப்பழ ரொட்டி சுட்டுப் படமெடுத்துப் போட்டபோதும், எத்தனை வீடுகளில் மாவு பிசைந்த கையும் படமெடுத்த கையும் ஒன்றாக இருந்தன என்று நமக்கு ஐயமுண்டு. பண்டத்தைக் குறை சொல்லவில்லை. பெயரைச் சுமக்கும் பக்தியைத்தான் குறை சொல்கிறோம்.

இவ்வளவு பேசிவிட்டு அடுக்களைக்குள் நுழையாமல் இருந்தால் நாமும் கருத்தரங்கப் பேர்வழிதான். எனவே பிரசாதப் பழங்களை நாமே உரித்தோம். செய்முறையை வேண்டுவோர்க்கு: உரித்த அளிந்த பூவன் ஐந்தாறு, ஏறத்தாழ 300 கிராம் வரட்டும். நல்ல முள்கரண்டியால் மசித்தால் போதும், மிக்சியில் அரைத்தால் பசையாகிவிடும். அதில் முக்கால் கப் நாட்டுச் சர்க்கரை, மூன்றிலொரு கப் எண்ணெய் அல்லது உருக்கிய வெண்ணெய், இரண்டு முட்டை சேர்த்துக் கலக்கவும். முட்டை ஆகாதவர்கள் அரை கப் புளித்த தயிர் விடலாம். வரதர் தந்த பழம் ஆதலால் நாம் தயிரையே விட்டோம். ஒன்றரை கப் கோதுமை மாவோ மைதாவோ, ஒரு தேக்கரண்டி ஆப்பச் சோடா, கால் தேக்கரண்டி உப்பு, சிறிது ஏலமும் சுக்கும் சலித்துக் கலந்து இதில் மெல்லப் புரட்டவும். மாவு நனைந்ததும் நிறுத்திவிட வேண்டும்; ஆர்வமிகுதியால் அடித்துக் கலக்கினால் கேக் ரப்பர்போல் இழுபடும். முதல் முறை நமக்கு அப்படித்தான் ஆயிற்று.

ஆப்பச் சோடா என்ற பெயரைக் கவனியுங்கள். எங்கிருந்தோ வந்த உப்புக்கு நம் மக்கள் தம் பண்டத்தின் பெயரைச் சூட்டித் தமதாக்கிக்கொண்டார்கள். அது தனியே வேலை செய்யாது. பழத்திலும் தயிரிலும் வெல்லச் சர்க்கரையிலும் உள்ள புளிப்போடு கூடினால் கரிவாயு எழுந்து மாவைத் தூக்கும். கூடினால் சோப்புச் சுவை வரும்; குறைந்தால் களி. கலந்தவுடன் அடுப்பேற்றாமல் தொலைபேசியில் பேசப் போனால் எழுந்த வாயு வீணாகிவிடும்.

மின்னடுப்பு உள்ளவர்கள் 180 பாகையில் ஐம்பது நிமிடம் முதல் ஒரு மணி வரை வைக்கலாம். நம்மிடம் இல்லை. பழைய பிரஷர் குக்கரில் இரண்டு கப் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கி வைத்து, ரப்பர் வளையமும் வெயிட்டும் இல்லாமல் மூடிப் பத்து நிமிடம் சூடாக்கினோம். பிறகு நெய் தடவிய பாத்திரத்தில் மாவை ஊற்றி உள்ளே இறக்கி, சிறுதீயில் ஏறத்தாழ ஐம்பது நிமிடம். நடுவில் குத்திய ஈர்க்குச்சி ஒட்டாமல் வந்தால் வெந்தது. அந்த உப்பை எறிய வேண்டாம், அடுத்த கேக்குக்கு ஆகும். மேற்புறம் சிவக்காது, அதற்காக வருந்தவும் வேண்டாம். ஆறிய பிறகே வெட்ட வேண்டும் என்பதும், மறுநாள் அது இன்னும் சுவைக்கும் என்பதும் பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கான அறிவுரைகள்.

கூடுகைக்கு எடுத்துச் செல்லும் முன் முதல் துண்டை அம்மாவுக்குக் கொடுத்தோம். இப்போது அவருக்கு எழுபத்தாறு. பல் சில இல்லை, நாக்கு முழுதும் இருக்கிறது. மெதுவாக மென்று, "சுக்கு கொஞ்சம் தூக்கல். மத்தபடி நல்லாத்தான் இருக்கு" என்றார். தட்டைத் திருப்பிக் கொடுக்கையில் மேசைப் பக்கம் கண் போயிற்று.

"அந்த மஞ்சப் பழத்துல ஒண்ணு எடுத்துக் குடுடா."